விரல் ஒக்சிமீட்டர்: மலைநாட்டுக் குளிரில் எவ்வளவு நம்பலாம்?

இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஒக்சிமீட்டர் வாங்கப் போகிறவர்கள் விலையைப் பார்க்கும் முன் திரையைப் பாருங்கள். ஒட்சிசன், நாடி என்று இரண்டு எண்களை மட்டும் காட்டுகிற வகை மலைநாட்டுக்கு உதவாது. நாடி அலையும், 'பிஐ' என்ற இரத்த ஓட்ட அளவும் சேர்ந்து தெரிகிற வகையை வாங்குங்கள்.

காரணம் குளிர்தான். தை மாத விடியலில் நுவரெலியாவில் விறைத்த விரல் நுனிக்கு இரத்தம் சரியாக வராது. கருவி விடும் சிவப்பு ஒளிக்கும் அகச்சிவப்பு ஒளிக்கும் பிடித்துக்கொள்ளத் துடிப்பு கிடைக்காது. நன்றாக இருப்பவருக்கே 88 என்று காட்டிவிடும், தோட்டத்து லயன் வீடுகளே பதறும். பிஐ 1க்குக் கீழே இருந்தால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள். கையை வெந்நீரில் வைத்துத் துடைத்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையை மேசையில் வைத்து மாட்டுங்கள். அலை சீராக ஓடத் தொடங்கி ஒரு நிமிடம் போன பிறகு வரும் எண்ணைத்தான் எழுத வேண்டும். நகப்பூச்சு, மருதோன்றி, தேயிலைக் கொழுந்துக் கறை இல்லாத விரலாகப் பாருங்கள். வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

அதிகமாகக் காட்டுகிற பிழைதான் ஆபத்து. புகைபோக்கி இல்லாத விறகடுப்பங்கரையில் காபன் மொனொக்சைட்டு இரத்தத்தில் ஏறினால், அதையும் ஒட்சிசன் என்றே கருவி எண்ணிக்கொள்ளும். கறுத்த தோலிலும் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். நல்ல கருவியிலும் 2 அளவு கூடும், குறையும். 95 என்றால் 93 ஆகவும் இருக்கலாம்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே சுகமாக இருப்பவருக்கும் கொழும்பில் இருப்பவரைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். ஆகவே காய்ச்சல் வருவதற்கு முன்பே வீட்டில் ஒவ்வொருவருடைய வழமையான எண்ணையும் கலண்டரில் குறித்து வையுங்கள். கொவிட் வந்தால் அதிலிருந்து 3 குறைந்தாலே டொக்டரிடம் பேச வேண்டும். 90க்குக் கீழே போனாலோ, எண் எதுவானாலும் மூச்சு வாங்கினாலோ 1990 அம்பியுலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். தோட்டப் பாதையில் அம்பியுலன்ஸ் ஏறிவர நேரம் எடுக்கும்.

இந்தக் கருவி நுரையீரலைப் பார்ப்பதில்லை. ஸ்கேனில் இரண்டு பக்கமும், பெரும்பாலும் கீழ்ப்பகுதி ஓரங்களில், பனி படிந்த கண்ணாடி போல மங்கல் தெரிகிற கொவிட் நோயாளிக்கும், சும்மா இருக்கும்போது 96 காட்டலாம். நுரையீரல் பாதிப்புக்குத் தரும் ஸ்கேன் புள்ளி 25க்கு எத்தனை என்று கேட்டுப் பயப்படுவதைவிட, உட்கார்ந்து எழும்பும் சோதனை வீட்டுக்குப் பயன்படும். கதிரையில் ஒரு நிமிடம் கையூன்றாமல் எழும்பி உட்கார்ந்தபின் 3 குறைந்தால் நுரையீரல் தடுமாறுகிறது. ஏற்கெனவே குறைந்த எண்ணோ மூச்சிளைப்போ இருப்பவர் இதைச் செய்யவே கூடாது.

கருவியில் ஒரு குறை, பேட்டரி. ஈரக் காற்றில் உள்ளேயே கிடந்தால் கசிந்து தகடு பச்சை பிடித்துவிடும். பாவிக்காத நாளில் இரண்டு பேட்டரியையும் கழற்றி, கருவியோடு ஒரே பையில் கட்டி வையுங்கள்.