சோல் பிளேட் மாற்றிய ஸ்கேட் பூட்: இரண்டு ஆண்டு ஓட்டிய பிறகு

கம்பியிலும் விளிம்பிலும் வழுக்கி ஓட்டும் அக்ரசிவ் ஸ்கேட்டில் யூஎஃப்எஸ் என்ற பொது அளவு இருக்கிறதே, பூட்டின் அடியில் மாட்டும் சோல் பிளேட் எதையும் எந்தப் பூட்டிலும் மாட்டலாம் என்று நினைத்துத்தான் பலரும் பிளேட் வாங்குகிறார்கள். அந்தப் பொது அளவு சக்கரங்களைத் தாங்கும் ஃபிரேமுக்கும் பிளேட்டுக்கும் இடையில் மட்டும். பிளேட்டின் மேற்பக்கம் பூட்டின் அடியோடு சேரும் இடத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் வளைவு வேறு, திருகு விழும் இடம் வேறு. கால் நம்பரைப் பார்த்து வாங்கினாலும் ஏமாற்றம்தான். ஒரே ஷெல் (பூட்டின் கெட்டியான வெளிக்கூடு) இரண்டு மூன்று நம்பருக்குப் பொதுவாக வரும். ஷெல்லின் வெளி நீளத்தை அளந்து வாங்க வேண்டும்.

முழு வேலையில் பாதி, பிளேட்டை உட்கார வைப்பது. போல்ட் போடாமல் பிளேட்டின் மேல் சாக்பீஸ் தூளைத் தடவி, பூட்டை அழுத்தி எடுத்தால் மேடு எங்கே என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் குதிகால் கிண்ணத்தின் ஓரம் இடிக்கும். அரத்தால் பிளேட்டைத் தேய்க்கவும், ஷெல்லைத் தொட வேண்டாம். பிளேட் போனால் இன்னொன்று வாங்கலாம். நடுப் பள்ளத்தில் இடைவெளி இருந்தால் பாதகமில்லை. குதிகாலும் முன்பாதமும் ஆடாமல் பதிய வேண்டும். ஆடுகிற பிளேட்டைப் போல்ட்டை இறுக்கிச் சரிசெய்தால், சில மாதத்தில் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும். குதிகாலில் இடைவெளி விழுந்தால் எம்-சீல் வைக்காதீர்கள். பாலிப்ரோப்பிலீன் ஷெல்லில் அது ஒட்டாது. நாலைந்து வாரக் குதிப்பில் தூளாகிக் கொட்டும். சமையலறை பிளாஸ்டிக் கட்டிங் போர்டில் 3 மிமீ துண்டு வெட்டி வைத்தது இன்றுவரை அப்படியே இருக்கிறது. மெத்தென்ற ரப்பர் ஷீட் அமுங்கி அமுங்கி போல்ட்டைத் தளர்த்திவிடும்.

முதலில் குதிகால் துளையை மட்டும் போடவும். போல்ட்டைப் பாதி இறுக்கி, ஃபிரேமோடு நின்று பார்த்து, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஃபிரேமின் முன்பக்கம் வந்ததும் அடையாளம் வைத்து இரண்டாவது துளை. கணுக்கால் உள்ளே சரிகிறவர்கள் ஃபிரேமை 1–2 மிமீ உட்பக்கம் நகர்த்தலாம். 3 மிமீ பிட், அப்புறம் 6.5 மிமீ, ஸ்லீவ் நட் (குழல் வடிவ நட்) உட்காரும் அளவுக்கு உள்ளிருந்து விரிக்கவும். டிரில் மெதுவாகச் சுற்றட்டும். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகித் துளை பெரிதாகும். பழைய துளையிலிருந்து 10 மிமீயாவது தள்ளியிருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து 8 வடிவில் கிழியும். இடம் இல்லாதபோது உள்ளே 2 மிமீ அலுமினியப் பட்டை ஒன்றை வைத்து, இரண்டு துளைகளுக்கும் பாலம் போட்டுக் கொள்ளலாம்.

முள் வைத்த டி-நட் மரவேலைக்கானது. ஷெல்லில் அந்த முள்தான் விரிசலுக்குத் தொடக்கம். அகலத் தலை ஸ்லீவ் நட்டே நல்லது. எம்6 மரை ஒரு சுற்றுக்கு 1 மிமீ ஏறும்; ஆறு சுற்றாவது பிடிக்க வேண்டும். நீளம் மிஞ்சினால் போல்ட் முனை லைனரை (உள்ளே போடும் மெத்தை உறை) துளைத்துக் குதிகாலைக் குத்தும்.

புதுப் பிளாஸ்டிக் அமுங்குவதால் முதல் மாதம் போல்ட் கட்டாயம் தளரும். ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பின், ஐந்து மணி நேரத்துக்குப் பின், பிறகு மாதம் ஒருமுறை என்று இறுக்கிவந்தால் போதும். மரை தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட்டை மரையில் ஒரு துளி மட்டும். வழிந்து சில பிளாஸ்டிக்கில் பட்டால் அதிலேயே விரிசல் விழச் செய்யும். கிறீச்சென்று சத்தம் வந்தால் இடுக்கில் மணல் புகுந்திருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. 'கட்' என்ற சத்தம் வேறு: லைனரைக் கழற்றி விரிசலைத் தேடுங்கள்.

அகலமான பிளேட் ஏற்றியதில் சோல் கிரைண்ட் (பிளேட்டின் மேல் வழுக்கும் வித்தை) நன்றாக நிற்கிறது. எடை கொஞ்சம் கூடியதும் தெரிகிறது. கார்பன் பூட்டில் மட்டும் இந்த வேலையை ஆரம்பிக்க வேண்டாம்: துளையோரம் இழை பிரியும், தூளும் நுரையீரலுக்கு ஆகாது. போல்ட் இடைவெளி 165, 195 மிமீ உள்ள ஸ்பீட் பூட்டுகளும் இந்தக் கணக்கில் சேராது, அவற்றில் குதிகால் உயரமே வேறு. கழற்றிய பழைய பிளேட்டையும் அதன் திருகுகளையும் ஒரு பையில் போட்டு வைத்திருங்கள். பூட்டை விற்கும்போது கேட்பார்கள்.