இணையவழி மனநல ஆலோசனை: ஒரு டாக்சி ஓட்டுநரின் மதிப்புரை

சிங்கப்பூரில், பொங்கோலில் ஏறி ஷென்டன் வேக்குப் போகச் சொல்லும் பயணியிடம், "கேபிஇ வேண்டாம், அப்பர் சிராங்கூன் சாலை வழியாகப் போகலாமா?" என்று கேட்கும் டாக்சிக்காரனை அவர் என்ன நினைப்பார்? மீட்டரை ஏற்றப் பார்க்கிறான் என்றுதான் நினைப்பார். கேபிஇ விரைவுச்சாலையின் 12 கிலோமீட்டரில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நிலத்துக்கு அடியில் போகிறது. அதற்குள் நுழைந்தால் எனக்கு நெஞ்சு இறுகும், விரல் நுனிகள் மரத்துப்போகும், இதோ மயங்கி விழப்போகிறோம் என்று தோன்றும். பலதுறை மருந்தகத்தில் ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தில் கோளாறில்லை, இது பதற்றத்தால் வருவது என்றார். என் மகள்தான் இணையவழி ஆலோசனைச் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கிக் கொடுத்தாள். செயலியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதில் எனக்கு வாய்த்த ஆலோசகரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

செயலி முதலில் கோத்துவிட்டது ஓர் இளைஞரை. நல்ல பிள்ளை. ஆனால் திரையின் ஓரத்தில் எதையோ வாசித்துக்கொண்டே கேள்வி கேட்டார். நான் பதில் சொல்லி முடிக்குமுன் அடுத்த கேள்வி வந்தது. ஆழமாக மூச்சு விடுங்கள், அமைதியான கடற்கரையை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். சுரங்கத்துக்குள் லாரிக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு கடற்கரையை நினைப்பது எப்படி என்று கேட்டேன். மின்னஞ்சலில் ஒரு பயிற்சித்தாள் வந்தது. ஆலோசகரை மாற்றக் கூடுதல் கட்டணம் இல்லை என்பது இந்தச் சேவையின் நல்ல அம்சம். தமிழ் பேசுபவர், அனுபவம் உள்ளவர் என்று இரண்டு கட்டங்களைத் தட்டினேன். தேர்வுப் பட்டியல் சட்டென்று சுருங்கிவிட்டது.

இரண்டாவதாக வந்தவர் அறுபதை நெருங்கும் பெண்மணி. பல ஆண்டுகள் மருத்துவமனையில் சமூக சேவையாளராக இருந்தவர். முதல் கேள்வியே, "இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?" எங்கள் வீவக அடுக்குமாடிக் குடியிருப்பின் பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில், டாக்சிக்குள் என்றேன். மூவறை வீட்டில் மனைவி, மாமியார், மகள் எல்லோரும் இருக்கும்போது இதைப் பேச வேறு இடம் ஏது? புளோக் எண்ணைக் குறித்துக்கொண்டார், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று கேட்டுக்கொண்டார். நான் பேசுவது வெளியே போகாது என்றும், என் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றாலும் நீதிமன்றம் கேட்டாலும் மட்டும் அது பொருந்தாது என்றும் விளக்கினார். பிறகு, தைராய்டு பார்த்தார்களா, ஒரு நாளைக்கு எத்தனை கோப்பி குடிப்பீர்கள், ஓட்டும் நேரம் என்ன, தூக்கம் எவ்வளவு. கோப்பிக் கணக்கைக் கேட்டதும் புருவம் உயர்ந்தது, ஆனால் உபதேசம் இல்லை.

கைப்பேசியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார். முகம் மட்டும் தெரிந்தால் போதாது, கையும் தெரிய வேண்டும் என்றார். சாவதானமாகப் பேசிக்கொண்டிருந்தபோதே என் விரல்கள் ஸ்டீயரிங்கைச் சுரண்டிக்கொண்டிருந்ததை அவர்தான் காட்டினார். அதுவரை எனக்கே தெரியாது. திரை வழியாகப் பார்ப்பதில் உள்ள குறையை இப்படி ஈடுகட்டத் தெரிந்தவர்.

சிறுவயது, அப்பா, அம்மா என்று தோண்டுவார் என எதிர்பார்த்தேன். தோண்டவில்லை. சிபிடி என்று மூன்றெழுத்தில் சொல்லும் முறை அவருடையது; இப்போதைய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை அது. நெஞ்சு படபடக்கிறது, அதை மாரடைப்பு என்று மனம் எடுத்துக்கொள்கிறது, அந்தப் பயத்தில் மூச்சு வேகமாகிறது, மூச்சு வேகமானால் விரல் மரத்துப்போகும், மரத்துப்போனதைக் கண்டு பயம் இன்னும் கூடும். இந்தச் சுழலை வரைந்து திரையில் காட்டினார். பிறகு காருக்குள் என்னென்ன வைத்திருக்கிறேன் என்று கேட்டார். தண்ணீர்ப் புட்டி, கோடாலித் தைலம், ஒலி 968 தமிழ் வானொலி சத்தமாக, குளிர்சாதனம் உச்சத்தில். "இவை இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்றார். பதில் வரவில்லை. தைலம் காப்பாற்றியது என்று நான் நம்பிக்கொண்டிருக்கும்வரை, சுரங்கம் ஆபத்தானது என்ற எண்ணமும் கூடவே இருக்கும் என்றார். பணம் கொடுத்துக் கேட்ட எல்லாவற்றிலும் இந்த ஒன்று தனி மதிப்புடையது.

அடுத்து, சின்னச் சுரங்கத்தில் தொடங்கிப் பெரியதுவரை பயத்தைப் பழக்க ஒரு படிக்கட்டு. முதல் படி ஃபோர்ட் கேனிங் சுரங்கம், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதன்பின் சிடிஇ விரைவுச்சாலையின் சின் சுவீ சுரங்கம். அடுத்த படி 2013 டிசம்பரில் திறந்த எம்சிஇ விரைவுச்சாலை, அதில் ஒரு பகுதி கடற்படுகைக்கு அடியில் போகிறது. கடைசியில் கேபிஇ. பயணி இல்லாமல், வாடகை அழைப்பை அணைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் போக வேண்டும் என்பது அவர் போட்ட கண்டிப்பான விதி. நுழையுமுன் பயத்துக்கு நூற்றுக்கு ஒரு எண், வெளியே வந்ததும் ஓர் எண். பெட்ரோல் ரசீதின் பின்புறத்தில் எழுதி வைத்து அவரிடம் வாசித்துக் காட்டுவேன். எண் குறையாத வாரம் திட்டாமல், "எப்போது தைலத்தை எடுத்தீர்கள்?" என்று மட்டும் கேட்பார். எடுத்திருப்பேன்.

இப்போது கேபிஇ வழியாகப் பயணிகளோடு போகிறேன். பயம் அறவே போய்விடவில்லை, எண் இருபதை ஒட்டி நிற்கிறது. தைலம் வீட்டில் மாமியாரிடம் இருக்கிறது, அவருக்கு மூட்டுவலி.

குறைகளும் உண்டு. ஐம்பது நிமிடத்துக்கு 140 வெள்ளி, என் தொழிலுக்கு அது ஓரிரு நாள் உழைப்பு. மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்பிலிருந்து எடுக்க வழியில்லை, கைக்காசுதான். சந்திப்புக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் போய்விடும், விமான நிலையப் பயணி தாமதமானார் என்பதெல்லாம் அவர்களுக்குக் காரணமில்லை. செயலியின் செய்திப்பெட்டியில் எழுதினால் மறுநாள்தான் பதில் வரும், அது நெருக்கடிக்கு உரியதல்ல. அவசரமென்றால் மனநல உதவி எண்களான 1767 அல்லது 1771-ஐ அழையுங்கள் என்று அதிலேயே போட்டிருக்கிறார்கள். நிறுத்திய காரில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம், ஆகவே குளிர்சாதனம் இல்லாமல் வியர்த்துக்கொண்டே பேச வேண்டும். மேல்தளத்தில் மெதுவோட்டம் ஓடும் அண்டை வீட்டுக்காரர் ஒவ்வொரு சுற்றிலும் கையசைப்பதற்கு ஆலோசகரும் சிரித்துவிடுவார்.

இங்கே ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ள அரசாங்க உரிமம் கட்டாயமில்லை. சிங்கப்பூர் அசோசியேஷன் ஃபார் கவுன்சலிங் அமைப்பில் பதிவு செய்வதும் விருப்பம்தான். அதனால் பதிவு உண்டா, உங்கள் பிரச்சினை போன்றதைக் கையாண்ட அனுபவம் உண்டா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். என் ஆலோசகர் பத்து வரியில் பதில் எழுதினார், முந்தையவரிடம் நான் கேட்கவே இல்லை. பணம் இடித்தால் உங்கள் வட்டாரக் குடும்ப சேவை நிலையத்தை முதலில் பாருங்கள்.

தமிழில் பேசுபவர் வேண்டுமென்றால் மாலை எட்டு மணி இடத்துக்குக் காத்திருக்க நேரும். காலை பத்து மணி இடம் எளிதாகக் கிடைக்கிறது, இரவு ஷிஃப்ட் ஓட்டுபவர்களுக்கு அது வசதி.