சேலத்துப் பிள்ளைக்கு எந்தப் படிப்பு: பெருநூலா, செயல்வழியா, மதிப்பெண் விடுதியா?

பி.எட். படித்த எல்லோரும் பெரினியலிசம் என்ற பெயரைத் தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடம் செய்திருப்போம். காலம் எவ்வளவு மாறினாலும் மனிதனை விடாத சில கேள்விகள் உண்டு. அவற்றை ஆழமாகக் கேட்ட நூல்களும் உண்டு. அந்த நூல்களோடு பிள்ளையை வாதாட வைப்பதுதான் பள்ளியின் தலையாய வேலை. இவ்வளவுதான் அந்தக் கோட்பாடு. தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆனால் அம்மாபேட்டையிலோ ஏற்காட்டிலோ ஒரு வீட்டில் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இந்தக் கோட்பாடும் அதன் எதிராளிகளும்தான் வேறு பெயரில் வந்து மோதுகின்றன. “புள்ள தானா செஞ்சு பாத்துக் கத்துக்கட்டும்” என்பார் சித்தப்பா. “மார்க் வரட்டும், மத்ததெல்லாம் அப்புறம்” என்பார் அப்பா. நாலு நல்ல நூலைத் தொடாத படிப்பு என்ன படிப்பு என்று தாத்தா கேட்பார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்புவரை சித்தப்பா சொல்வது சரி. எட்டாம் வகுப்பிலிருந்து தாத்தாவின் கட்சிக்கு மெல்ல மாற வேண்டும். அப்பாவின் கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் அவர் தேடும் தீர்வோடு எந்த வயதிலும் எனக்கு உடன்பாடில்லை. மலையிலும் கீழே ஊரிலும் தமிழாசிரியராக வேலை பார்த்து வந்து சேர்ந்த எண்ணம் இது.

டூயியும் ஹட்சின்ஸும்

சித்தப்பாவின் செயல்வழியும் தாத்தாவின் பெரினியலிசமும் மோதிக்கொண்டது ஒரே பல்கலைக்கழகத்தை ஒட்டித்தான். செயல்வழியின் பக்கம் நின்ற அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி 1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பிள்ளைகள் சமைத்தார்கள், மரவேலை செய்தார்கள், நூற்று நெய்தார்கள். அவர் எழுதிவைத்த ஓர் உதாரணம் சேலத்துக்காரர்களுக்கு மிகவும் நெருக்கமானது. பிள்ளைகளிடம் பருத்தியையும் ஆட்டு ரோமத்தையும் கொடுத்தார்கள். பருத்தியிலிருந்து கொட்டையைக் கையால் பிரித்துப் பார்த்த பிறகுதான், கம்பளித் துணி வளர்ந்த அளவுக்குப் பருத்தித் துணி ஏன் முன்பே வளரவில்லை என்பது அவர்களுக்கு விளங்கியது. கொட்டை எடுக்கவே அவ்வளவு நேரம் பிடித்தது. அங்கிருந்து நாரின் நீளம், நூற்கும் கருவி, இயந்திரங்கள் வந்த வரலாறு என்று பாடம் விரிந்தது. (நம் நாட்டின் கதை வேறு. இங்கே பருத்தி நெசவுதான் பல நூற்றாண்டுகளாகத் தழைத்தது. அப்படியானால் அந்தக் கொட்டையை இங்கே யார், எப்படி எடுத்தார்கள்? நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.)

1929-இல் அதே பல்கலைக்கழகத்துக்குத் தலைவராக வந்தார் பெரினியலிசத்தின் பக்கம் நின்ற ராபர்ட் ஹட்சின்ஸ். அப்போது அவருக்கு வயது 30. உயர்கல்வி பற்றி 1936-இல் அவர் எழுதிய நூலில் ஒரு தர்க்கச் சங்கிலி வருகிறது. கல்வி என்றால் கற்பிப்பது, கற்பிக்க அறிவு வேண்டும், அறிவு என்பது உண்மை, உண்மை எங்கும் ஒன்றே. ஆகவே கல்வியும் எங்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று முடித்தார். அடுத்த ஆண்டே டூயி பதில் எழுதினார். மேலான உண்மைகள் எவை, அவற்றின் வரிசை எது என்று தீர்மானிக்கப் போவது யார் என்பது அவர் கேட்ட கேள்வி.

அந்தக் கேள்வியை ஹட்சின்ஸ் தரப்பு இன்றுவரை முழுதாகத் தாண்டவில்லை. ஹட்சின்ஸும் அவர் தரப்புத் தத்துவவாதி மார்டிமர் ஆட்லரும் முன்னின்று 1952-இல் வெளியிட்ட மேலைநாட்டுப் பெருநூல் வரிசையில் 54 தொகுதிகள். அவற்றில் ஒரு பெண் எழுத்தாளர்கூட இல்லை. 1990-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் ஜேன் ஆஸ்டின், ஜார்ஜ் எலியட், வர்ஜீனியா வுல்ஃப் போன்றோர் சேர்ந்தார்கள். மேலைநாட்டு வரிசை என்பதால் நம் பக்கத்து நூல்களுக்கு அதில் இடமே கிடையாது. உண்மை எங்கும் ஒன்று என்று முழங்கியவர்களின் அலமாரி இவ்வளவு குறுகலாக இருந்தது பெரிய குறைதான்.

அதே சமயம் டூயியின் பெயரில் நடந்தவை எல்லாம் அவருக்கே பிடிக்கவில்லை. பிள்ளை எதைச் செய்தாலும் அது கல்வி ஆகிவிடாது, சில அனுபவங்கள் மேற்கொண்டு கற்பதையே கெடுக்கும் என்று 1938-இல் தன் வழி வந்த பள்ளிகளைப் பார்த்தே எழுதினார். நம் ஊரில் இது நன்றாகப் பொருந்தும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றலை நான் மனதார வரவேற்றேன். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் அவர்கள் எழுதக் கரும்பலகை இருந்தது. பிரம்பு போனது. பேசப் பயந்த பிள்ளை பேசியது. சிறு வகுப்புகளுக்கு இதைவிட நல்ல மாற்றம் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் பல வகுப்பறைகளில் நாளடைவில் பாடத்துக்கென்று கொடுத்த அட்டையை முடிப்பதே வேலையாகிவிட்டது. அட்டைகளை வரிசைப்படுத்திய ஏணிப் படத்தில் எந்தப் படியில் நிற்கிறாய் என்று கேட்டார்கள், எதைப் பற்றி யோசித்தாய் என்று கேட்கவில்லை.

தறியில் உட்காரும் பிள்ளை

சேலத்தில் இந்த ஒப்பீட்டைச் செய்பவர் 1953-ஐத் தவிர்க்க முடியாது. ராஜாஜி 1900-இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கி, 1917-இல் இந்த நகராட்சிக்குத் தலைவரானவர். இதிகாசங்களை எளிய நடையில் எழுதி வீடுதோறும் சேர்த்தவர். பெருநூல்களின் மேல் அவருக்கு இருந்த பற்றை யாரும் சந்தேகிக்க முடியாது. அவர் முதலமைச்சராக இருந்தபோது கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மிச்ச நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று அதற்குப் பெயர் விழுந்தது. எதிர்ப்பு பெருகி 1954-இல் அவர் பதவி விலகினார், அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார்.

இந்தத் திட்டத்தை டூயியின் வழி என்று சொல்பவர்களும் உண்டு, பழமைவாதம் என்பதால் பெரினியலிசத்தின் கணக்கில் எழுதுபவர்களும் உண்டு. இரண்டும் தவறு என்றே நினைக்கிறேன். டூயியின் பள்ளியில் தறி எல்லாப் பிள்ளைக்கும் பொது. வக்கீல் மகனும் அதில் உட்கார்ந்து நார், விசை, வணிகம் என்று கேள்வி கேட்பான். 1953 திட்டத்திலோ நெசவாளியின் பிள்ளை அப்பாவின் தறிக்குப் போகும், வக்கீலின் பிள்ளை வீட்டில் புத்தகத்தோடு இருக்கும். பெரினியலிசத்துக்கு இது இன்னும் நேர் எதிரானது. ஆட்லர் 1982-இல் வெளியிட்ட திட்டத்தின் உயிரே பன்னிரண்டு ஆண்டும் எல்லோருக்கும் ஒரே படிப்பு என்பதுதான். இரண்டாவது மொழியைத் தவிர வேறு எதிலும் விருப்பப் பிரிவு கிடையாது. சிறந்தவர்களுக்கு எது சிறந்த கல்வியோ அதுவே எல்லோருக்கும் சிறந்த கல்வி என்ற ஹட்சின்ஸின் வாக்கிலிருந்து பிறந்தது அது. கைவேலையையும் ஆட்லர் ஒதுக்கவில்லை. சமையல், தையல், மரவேலை, கருவி பழுது பார்ப்பது எல்லாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்தே வைத்தார்.

எனக்கு இந்தக் கோட்பாட்டின் மேல் இருக்கும் மரியாதை முழுக்க இந்த இடத்தில்தான். இளம்பிள்ளையில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளரும் பிள்ளைக்கும், சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறையில் அம்மாவுக்குக் கண்ணி கோத்துத் தரும் பிள்ளைக்கும் ‘நீதி என்றால் என்ன’ என்று கேட்க உரிமை உண்டு என்கிறது அது. இன்றைக்கு நாம் என்ன செய்கிறோம்? கணக்கு வராவிட்டால் தொழிற்பிரிவுக்கு அனுப்பிவிட்டு, அவனுக்கு இலக்கியம் எதற்கு, பாஸ் ஆனால் போதும் என்கிறோம். ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

எந்த நூல்?

சரி, பட்டியலை யார் போடுவது? டூயி கேட்ட கேள்விக்குச் சேலத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. 1944 ஆகஸ்ட் 27-இல் இங்கே கூடிய மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது. பழைய நூல் என்பதற்காகவே தலைவணங்காத இயக்கம் அது. பெரியார் இதிகாசங்களை மறுத்தார். வள்ளுவர் கற்பைப் பற்றிச் சொன்னதையும் கடுமையாக விமர்சித்து எழுதினார். அதே பெரியார்தான் 1949-இல் திருக்குறளுக்காக மாநாடு நடத்தினார். ஒரு பெருநூலைப் பூஜை அறையில் வைக்காமலும் குப்பையில் போடாமலும் படிப்பது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. நல்ல பெரினியலிஸ்ட் வகுப்பறை கேட்பதும் இந்தப் படிப்பைத்தான். பட்டியல் பற்றிய சண்டையும் அந்தப் படிப்பில் அடக்கம்.

ஒரு பதினொன்றாம் வகுப்பில், பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளியில், 55-ஆம் குறளை எடுத்து வைத்தேன். கணவனைத் தொழுது எழுபவள் பெய் என்றால் மழை பெய்யும் என்கிற குறள். பொருள் சொல்லவில்லை. “இதை ஒத்துக்கொள்கிறீர்களா?” என்று மட்டும் கேட்டேன். முதலில் அமைதி. அப்புறம் ஒருத்தி, “அம்மா, இதே மாதிரி ஆம்பளைங்களுக்கு ஒரு குறள் இருக்கா?” என்றாள். இன்னொருத்தி புத்தகத்தைப் புரட்டி, பிறன்மனை நோக்காததே பேராண்மை என்ற 148-ஐக் காட்டினாள். “அது ஒழுக்கமா இருக்கச் சொல்லுது, கும்பிடச் சொல்லலையே” என்று மூன்றாவது பெண் மறுத்தாள். மணி அடித்த பிறகும் வராந்தாவில் பேச்சு தொடர்ந்தது. உரைநூல் குறிப்பை நான் எழுதிப் போட்டிருந்தால் அமைதியாக எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்.

மலைப் பிள்ளைகளுக்குப் பழைய நூல் அந்நியம் என்று சொல்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் உண்டு உறைவிடப் பள்ளியில் குறுந்தொகையின் 18-ஆம் பாட்டை நடத்தினேன். கபிலர் பாட்டு. தலைவன் நாட்டில் பலா வேரிலேயே காய்த்திருக்கிறது, சுற்றி மூங்கில் வேலி. தலைவியின் நிலையோ சிறிய கொம்பில் பெரிய பழம் தொங்குவது போல. கீழே ஊரில் இதை விளக்க நான் படாத பாடு பட்டிருக்கிறேன். மேலே ஒரு பையன் எழுந்து, “வேர்ப்பலா பழுத்தாலும் தரையில உக்காந்துக்கும்மா. கொம்புல சின்னக் காம்புல காய்ச்சா எப்ப விழும்னே தெரியாது” என்றான். பாட்டின் பதற்றம் முழுவதும் அந்த ஒரு வரியில் வந்துவிட்டது. நூலைத் தேர்ந்தெடுக்கும்போது மலையையும் நினைத்தால், மலைப் பிள்ளை நகரத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் இடத்தில் நிற்கும்.

மதிப்பெண் விடுதி

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைக்கும் பழக்கம் நம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் எப்படிப் பரவியது என்பது ஊருக்கே தெரியும். பதினொன்றாம் வகுப்புக்கு 2017-18-இல் பொதுத்தேர்வு வைத்ததற்கு ஒரு முக்கியக் காரணமே அதைத் தடுப்பது. மனப்பாடம் இருப்பதால் இதையும் பெரினியலிசத்தையும் சிலர் ஒன்றாகப் பார்க்கிறார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் ஆத்திசூடியையும் கொன்றை வேந்தனையும் நிகண்டையும் மனப்பாடம்தான் செய்தார்கள். ஆனால் அது ஆயுளுக்கும் கூட வந்தது. விடுதியில் உருப்போட்டது நுழைவுத்தேர்வோடு தீர்ந்துவிடும். வறுமையிலிருந்து மீள அப்பாக்களுக்கு வேறு வழி தெரியவில்லை என்பது உண்மைதான். அதற்காக அதைக் கல்விக் கோட்பாடு என்று நான் ஏற்க முடியாது.

என்ன செய்யலாம்

ஆட்லர் கற்பித்தலை மூன்றாகப் பிரித்தார். சொல்லிக் கொடுப்பது, பயிற்சி தருவது, நூலை வைத்துக் கேள்வி கேட்டு உரையாடுவது. நம் பள்ளிகளில் முதலாவது நிறைய இருக்கிறது. இரண்டாவது மாதிரித் தேர்வு என்ற பெயரில் இருக்கிறது. மூன்றாவது இல்லை. இதற்காகப் பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டியதில்லை. வாரம் ஒரு நூலகப் பாடவேளை பெரும்பாலான பள்ளிகளின் கால அட்டவணையில் ஏற்கெனவே இருக்கிறது. பொதுத்தேர்வு வகுப்புகளில் அதைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் பெற்றோர் என்றால், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்த ஒரு பாடவேளையைத் திருப்பிக் கேளுங்கள். ஆசிரியர் என்றால், பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு, ஒரு பக்கத்துக்கு மேல் போகாத ஒரு பகுதியைக் கொடுத்து, உங்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வியோடு தொடங்குங்கள். அந்த வேளைக்கு மதிப்பெண் மட்டும் போடாதீர்கள்.