‘இப்பத்தான் சாப்பிட்டேன்’: ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது?

"சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால் "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்போம். இதையே ஸ்பானிஷில் சொல்லப் போனால் நான்கு வாக்கியங்கள் வந்து நிற்கும்: ஏ கொமீதோ, கொமீ, அகாபோ தே கொமேர், ரெசியேன் கொமீ. நான்கிலும் இலக்கணப் பிழை இல்லை. எந்த ஊரில் பேசுகிறோம் என்பதுதான் கேள்வி.

மாட்ரிட்டில் இன்று நடந்ததற்கெல்லாம் ‘ஏ கொமீதோ’ வரும், நேற்று நடந்ததற்குக் ‘கொமீ’. மெக்சிகோவிலோ, இந்த நிமிடம் தட்டைக் கழுவி வைத்தவரும் ‘யா கொமீ’ (‘யா’ என்றால் ‘ஏற்கெனவே’) என்றுதான் சொல்வார். அங்கே ‘ஏ கொமீதோ’ என்றால், ‘அந்த மீனை நிறைய தடவை சாப்பிட்டிருக்கிறேன்’ என்கிற மாதிரி அனுபவம் பேசுவதாகக் காதில் விழும். ஸ்பெயினுக்குள்ளேயே கலீசியா, அஸ்தூரியாஸ் பக்கம் ‘கொமீ’தான் அதிகம். இன்னொன்று, இந்த இரண்டிலும் ‘இப்பத்தான்’ கிடையாது. காலையில் சாப்பிட்டதையும் அப்படியே சொல்லலாம்.

அந்த ‘இப்பத்தான்’ வேண்டுமென்றால் ‘அகாபோ தே’. ‘அகாபார்’ என்றால் முடித்தல். நம்மவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: நடந்து முடிந்த காரியம், ஆனால் வினை நிகழ்காலத்தில் நிற்கிறது. முடிந்ததாயிற்றே என்று அதை இறந்தகாலமாக்கி ‘அகாபே தே கொமேர்’ என்றால் ‘சாப்பிட்டு முடித்தேன்’ என்று ஆகிவிடும். ‘இப்பத்தான்’ போய்விடும். ‘அகாபாபா தே கொமேர்’ என்றால் ‘அப்பத்தான் சாப்பிட்டிருந்தேன்’. முன்னால் ‘நோ’ சேர்த்து ‘நோ அகாபோ தே என்டென்டேர்’ என்றாலோ, ‘எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை’ என்று பொருள். இத்தனை நெளிவு இருந்தாலும் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். மாட்ரிட், மெக்சிகோ, லிமா, எங்கே சொன்னாலும் ஒரே பொருள்.

ஆனால் என் மனசுக்குப் பிடித்தது ‘ரெசியேன்’. ஸ்பெயினில் இது எச்சச் சொல்லோடு ஒட்டித்தான் வரும்: ரெசியேன் நாசீதோ என்றால் பச்சிளங்குழந்தை, ரெசியேன் பின்டாதோ என்றால் இப்போதுதான் வர்ணம் பூசியது. அர்ஜென்டினா, சிலே, பெரு பக்கம் வந்தால் முழு வினையோடும் சேரும். ‘ரெசியேன் யெகோ’ என்றால் ‘இப்பத்தான் வந்தார்’. அப்புறம், அங்கெல்லாம் ‘ரெசியேன் மன்யானா’ என்றும் சொல்வார்கள், அதாவது ‘நாளைக்குத்தான்’. ‘இப்பத்தான்’, ‘நாளைக்குத்தான்’ இரண்டிலும் நம்முடைய ‘தான்’ செய்கிற வேலையை அங்கே இந்த ஒரே சொல் செய்கிறது. முதல் தடவை இதைக் கவனித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். பாடப்புத்தகம் இதற்கு ஒரு தனி விதியே எழுதும். தமிழ்க் காதுக்கு அது தேவையில்லை.

புவெனோஸ் ஐரஸ் போகிறவர்கள் தயங்காமல் ‘ரெசியேன் கொமீ’ சொல்லுங்கள். மாட்ரிட்டில் அதே வாக்கியம் புரியும், கூடவே நீங்கள் எங்கே ஸ்பானிஷ் பழகினீர்கள் என்பதும் தெரிந்துவிடும்.