சீனாவில் ஆசிரியர் வேலை: பல்கலைக்கழகமா, பள்ளியா, பயிற்சி மையமா?

சீனாவில் ஆசிரியர் வேலை தேடுகிறவர்கள் முதலில் சம்பளத்தை ஒப்பிடுகிறார்கள், அடுத்து ஊரை. என்னைக் கேட்டால் இரண்டையும் விட முக்கியம் நேர அட்டவணை. எந்தக் கிழமை விடுமுறை, கடைசி வகுப்பு எத்தனை மணிக்கு முடியும், வருடத்தில் எத்தனை வாரம் வகுப்பே இருக்காது என்பதைப் பொறுத்துத்தான் அங்கே நீங்கள் வாழும் வாழ்க்கை அமையும். ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். எனக்குப் பழக்கமான, தென்மேற்குச் சீனாவின் செங்டு நகரத்தையே மையமாக வைத்து மூன்று வகை வேலைகளையும் ஒப்பிடுகிறேன்.

அதற்கு முன் விசா விஷயம். ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பிக்க, அதைத் தாய்மொழியாகப் பேசும் நாட்டின் குடிமக்களைத்தான் சீனா பொதுவாக எதிர்பார்க்கிறது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இதனால் கணிதம், இயற்பியல், கணினி போன்ற பாடங்களே இயல்பான வழி. பட்டப்படிப்பும் இரண்டு வருட அனுபவமும் கேட்பார்கள். வேலைக்கான இசட் விசாவில் போய் இறங்கிய 30 நாட்களுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வரும்வரை உங்கள் பாஸ்போர்ட் குடிநுழைவு அலுவலகத்தாரிடமே இருக்கும் என்பதால், முதல் சில வாரங்களுக்கு வெளியூர்ப் பயணம் எதையும் திட்டமிட வேண்டாம்.

சரி, பல்கலைக்கழகம். சம்பளம் மூன்றிலும் பெரும்பாலும் இங்கேதான் குறைவு. ஆனால் வாரத்துக்கு 14 முதல் 18 பாடவேளைகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். வளாகத்துக்குள்ளேயே வீடு கொடுத்துவிடுவார்கள், இல்லையென்றால் வாடகைப்படி தருவார்கள். உணவகத்தில் அட்டையைத் தட்டிவிட்டு மலிவாகச் சாப்பிடலாம். அட்டவணை நல்லபடியாக அமைந்தால் வாரநாட்களிலேயே ஒன்றிரண்டு நாள் முழுதாகக் கையில் இருக்கும். இந்த வாரநாள் ஓய்வின் மதிப்பு பயணம் போகும்போதுதான் தெரியும்.

லெஷான் புத்தரை எடுத்துக்கொள்ளுங்கள். 713-இல் தொடங்கி 803-இல் முடிந்த, 71 மீட்டர் உயரச் சிலை. செங்டுவிலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். புதன்கிழமை போனால் பாறையை ஒட்டிய குறுகிய படிகளில் நிதானமாக இறங்கி, பாதத்தருகே நின்று அண்ணாந்து பார்க்கலாம். அக்டோபர் தேசிய தின விடுமுறையில் போனால் அதே படிகளுக்கான வரிசையிலேயே பகல் பாதி கரைந்துவிடும். அப்போது ஆற்றில் படகேறி எதிரிலிருந்து பார்ப்பதே நல்லது. 3,099 மீட்டர் உயர எமெய் மலையில் கேபிள் காருக்கும் இதே கதைதான்.

வகுப்பு மதியத்தோடு முடிகிற நாளில்கூட துஜியாங்யான் போய் வரலாம். நகரின் மேற்கு ஓரத்தில் சீபு நிலையத்தில் மெட்ரோவின் இரண்டாம் தடமும் துஜியாங்யான் ரயிலும் ஒரே நடைமேடையின் இரு பக்கங்களில் நிற்கும். இறங்கி எதிர்ப்பக்கம் ஏறினால் அரை மணி நேரத்தில் ஊர் வந்துவிடும். 2008 மே நிலநடுக்கத்தில் சிதைந்த பகுதி அது, இரண்டே வருடத்தில், 2010 மே மாதம், இந்தப் பாதை திறக்கப்பட்டது. அங்கே கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் லி பிங் என்ற ஆளுநர் அமைத்த நீர்ப்பாசன முறை இன்றும் வேலை செய்கிறது. மின் என்ற பெயருள்ள ஆற்றைக் குறுக்கே அடைக்காமல், மீன்வாய் வடிவக் கரையால் இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை செங்டு சமவெளிக்குத் திருப்பியிருக்கிறார்கள். பொறியியலோ இயற்பியலோ கற்பிக்கிறவர்கள் இதைப் பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது.

அப்புறம் நீண்ட விடுமுறை. சீனப் புத்தாண்டை ஒட்டி ஒரு மாதத்துக்கும் மேல், கோடையில் ஏறக்குறைய இரண்டு மாதம். இதில் ஒரு சிக்கலும் உண்டு. சில ஒப்பந்தங்களில் கோடை மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது. இன்னொன்று, புதிய வளாகங்கள் பலவும் நகர மையத்திலிருந்து வெகுதூரத்தில் இருக்கின்றன. காலை எட்டு மணிக்கு ஒரு வகுப்பு, இரவு ஏழு மணிக்கு இன்னொன்று என்று அட்டவணை பிரிந்து கிடந்தால் நடுவில் உள்ள நேரம் எதற்கும் உதவாது.

அடுத்து, சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளி. சம்பளம் பல இடங்களில் பல்கலைக்கழகத்தைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேலும் உண்டு. பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் கட்டணச் சலுகையும் கிடைக்கலாம். பதிலுக்கு, காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை வகுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பள்ளியில்தான் இருக்க வேண்டும். சனி, ஞாயிறு ஓய்வு என்றால் நாடே ஓய்வாக இருக்கும் நாளில் நீங்களும் கிளம்புகிறீர்கள் என்று அர்த்தம். வெள்ளி மாலை ரயிலுக்கு, முன்பதிவு திறக்கும்போதே, அதாவது 15 நாள் முன்னதாகவே சீன ரயில்வேயின் 12306 செயலியில் பதிவு செய்துவிடுவது நல்லது.

இதைவிடக் கடுப்பேற்றுவது ஈட்டு வேலைநாள். நீண்ட விடுமுறை கொடுப்பதற்காக அக்கம்பக்கத்து வார இறுதியை வேலைநாளாக்கிவிடுவார்கள். 2025-இல் அக்டோபர் 1 முதல் 8 வரை விடுமுறை, ஆனால் செப்டம்பர் 28 ஞாயிறும் அக்டோபர் 11 சனியும் வேலை. பல்கலைக்கழகத்தில் அந்த நாளுக்கு எந்தக் கிழமையின் அட்டவணை என்று அறிவிப்பார்கள். அந்தக் கிழமையில் உங்களுக்கு வகுப்பு இல்லையென்றால் ஓய்வுதான். பள்ளி ஆசிரியருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

பயிற்சி மையம் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வீட்டுப்பாடம், தனிப்பயிற்சி என்ற இரண்டு சுமைகளையும் குறைக்க 2021 ஜூலையில் வந்த இரட்டைச் சுமைக் குறைப்புக் கொள்கை, ஒன்பதாம் வகுப்பு வரையிலான பாடத் தனிப்பயிற்சியை வார இறுதியிலும் விடுமுறையிலும் நடத்தத் தடை விதித்தது. ஏராளமான மையங்கள் மூடப்பட்டன. பெரியவர்களுக்கான வகுப்பு, நிரலாக்கம், கலை என்று நடத்துபவை இருக்கின்றன. அங்கே மாலையும் சனி, ஞாயிறும் வேலை, திங்கள், செவ்வாய் ஓய்வு. கூட்டமில்லாத மலைகளும் சுலபமாகக் கிடைக்கும் டிக்கெட்டும் இவர்களுக்குத்தான். ஆனால் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை, அதனால் ஷியான் மாதிரி ஊருக்குப் போனால் ஷான்சி வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் செவ்வாயைத்தான் நம்ப வேண்டும். வெளிநாட்டவரை அமர்த்தும் உரிமம் மையத்துக்கு உண்டா என்பதைக் கட்டாயம் விசாரியுங்கள். வேலை அனுமதி ஒரே முதலாளியோடு பிணைக்கப்பட்டது, மையம் மூடினால் உங்கள் அனுமதியும் ஆட்டம் காணும்.

தூரப் பயணங்களில் வித்தியாசம் இன்னும் கூடுகிறது. 2017 டிசம்பரில் செங்டு–ஷியான் அதிவேக ரயில் பாதை திறந்த பிறகு, முன்பு இரவு முழுக்கப் பிடித்த பயணம் நான்கு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. இரண்டு நாள் ஓய்வு உள்ள எவரும் போகலாம். ஜியுஜாய்கோ பள்ளத்தாக்கு அப்படியில்லை. 2024 ஆகஸ்டில் ரயில் மலைப்பகுதி வரை வந்துவிட்டது என்றாலும் நிலையத்திலிருந்து மேலும் பேருந்தில் போக வேண்டும். மூன்று நாளாவது இருந்தால்தான் அந்த நீல ஏரிகளை அவசரமில்லாமல் பார்க்க முடியும். அதற்குப் பல்கலைக்கழக அட்டவணைதான் ஏற்றது.

மூவருக்கும் பொதுவானவை சில. ரயிலுக்குப் பாஸ்போர்ட்தான் டிக்கெட். விடுதியில் தங்கினால் காவல்துறைப் பதிவை விடுதியே செய்துவிடும், நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்களே பதிய வேண்டும். கடைகளில் பணம் செலுத்த அலிபே, வீசாட் செயலிகள் போதும், 2023-க்குப் பிறகு வெளிநாட்டு அட்டைகளையும் அவற்றில் இணைப்பது எளிதாகிவிட்டது. சைவம் சாப்பிடுகிறவர்கள் மாப்போ டோஃபு என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், வழக்கமாக அதில் கொத்துக்கறி இருக்கும். செங்டுவில் உள்ள வென்ஷு பௌத்த மடத்தின் சைவ உணவகத்தை நம்பிப் போகலாம்.

தனியாளாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பல்கலைக்கழகம்தான். குறைந்த சம்பளத்தை அந்த வாரநாட்கள் எனக்கு ஈடுகட்டின. கடன் அடைக்க வேண்டியவர்களும் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களும் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை, அவர்களுக்கு அந்தப் பணம் அவசியம். பயிற்சி மையத்தை இன்றைய நிலையில் யாருக்கும் சொல்ல எனக்கு மனம் வராது.

எதுவானாலும் கையெழுத்துப் போடுமுன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: கோடைக்குச் சம்பளம் உண்டா, வகுப்பில்லாத நேரத்திலும் இருக்க வேண்டுமா, வேலை எந்த வளாகத்தில், ஈட்டு வேலைநாளுக்கு வர வேண்டுமா. முடிந்தால் போன பருவத்தின் பாட அட்டவணை ஒன்றையும் அனுப்பச் சொல்லுங்கள்.