ஓரெழுத்துச் சொல் அட்டைகள்: ஆட்டம் அருமை, பின்பக்கம் போதாது

குழந்தைகளுக்கான ஓரெழுத்து ஒருமொழி, அதாவது ஒரே எழுத்து தனியாக நின்று பொருள் தரும் சொற்கள், அட்டைக்கட்டு ஒன்றை வாங்கினேன். நன்னூல் சொல்லும் 42 சொற்களும் ஒன்று விடாமல் இருக்கின்றன, நெடில் 40, அப்புறம் குறிலில் நொ, து இரண்டும். முன்பக்கம் படமும் பெரிய எழுத்தும், பின்பக்கம் பொருளும் ஒரு வாக்கியமும். அட்டை நல்ல தடிமன்.

ஆட்டம்தான் இதன் பலம். "நீ பூ தா", "பை வை", "நீ போ" என்று இரண்டு மூன்று அட்டையிலேயே முழு வாக்கியம் அமைந்துவிடுகிறது, எழுத்துக் கூட்டத் தொடங்கிய பிள்ளைக்கு இதைவிட உற்சாகம் வேறென்ன வேண்டும்? பூ, கா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பூங்கா என்று சொல்லிக் காட்டியதும் 'கா' என்றால் சோலை என்பது சட்டென்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் அந்த அட்டையின் பின்பக்கத்தில் "கா பசுமையாக உள்ளது" என்று போட்டிருக்கிறார்கள். யார் இப்படிப் பேசுகிறார்கள்? பூங்காவையே எழுதியிருக்கலாம். அரசன் என்று பொருள்படும் கோ அட்டையிலும் கோயிலைக் காணோம்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது ஈ, தா அட்டைகள். இரண்டின் பின்பக்கத்திலும் 'கொடு' என்று மட்டும் இருக்கிறது. தொல்காப்பியம் ஈ, தா, கொடு மூன்றையும் எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கிறது! ஒன்றைத் தரச் சொல்லிக் கேட்பவர் தாழ்ந்த நிலையில் இருந்தால் ஈ, சமமானவர் என்றால் தா, உயர்ந்தவர் என்றால் கொடு. யார் யாரிடம் கேட்கிறார்கள் என்பதே சொல்லுக்குள் இருக்கிறது, பிள்ளைகளை வைத்து நடித்தே காட்டலாம், அதை ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். பறக்கும் ஈயும் இதே எழுத்துதானே, அதற்கும் இடமில்லை. மா அட்டையில் மாமரம் மட்டும்தான். விலங்கு, அரைத்த மாவு, பெரிய என்ற பொருள் எதுவும் கிடையாது.

வீ, சோ, யா போன்ற வழக்கில் இல்லாத சொற்களுக்குப் படம் நன்றாகவே உதவுகிறது, சோவுக்கு வரைந்த மதில் அழகு.

படிக்கத் தொடங்கும் வயதுக்குத் தாராளமாக வாங்கலாம். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் பக்கத்தில் ஒரு நல்ல அகராதி வேண்டும். அடுத்த பதிப்பில் ஈ, தா இரண்டையாவது திருத்துங்கள். கண், பல், வாய், தோள், கால் என்று மெய்யில் முடியும் ஓரசைச் சொற்களுக்கும் ஒரு கட்டு போட்டால் உடனே வாங்கிவிடுவேன்.