பேண்டு மாஸ்டரின் கேசட்டுகளும் யு.எஸ்.பி. கேசட் பிளேயரும்: பேச்சுக்குச் சரி, இசைக்குப் போதாது

வாக்மேன் அளவில் இருக்கும், கேசட்டைப் போட்டு யு.எஸ்.பி. வயரைக் கம்ப்யூட்டரில் செருகினால் எல்லாம் ஃபைலாக மாறிவிடும் என்று விற்கிறார்களே, அந்த வகை பிளேயரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பள்ளியில் எங்களுக்கு பேண்டு சொல்லிக்கொடுத்த மாஸ்டர் இறந்த பிறகு அவர் வீட்டிலிருந்து ஒரு பெட்டி நிறைய கேசட்டுகள் வந்தன. நினைவுக் கூட்டத்துக்குள் அவற்றை எல்லாரும் கேட்கும்படி செய்துவிட வேண்டும் என்று பழைய மாணவர்கள் சேர்ந்து இதை வாங்கினோம்.

பெட்டியில் நிகழ்ச்சிகள்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம், ஆனால் கிட்டத்தட்ட எல்லாமே ஒத்திகை. ஒரு சின்ன டேப் ரெக்கார்டரை நாற்காலியில் வைத்துவிட்டு ஆரம்பிப்பார், அது எங்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் அதைக் கேட்டு, அட்டையில் பென்சிலால் 'கிளாரினெட் இரண்டாம் வரிசை, மூச்சு எடுக்கும் இடம்' என்று குறித்துவைத்து, அடுத்த நாள் அதிலிருந்துதான் தொடங்கியிருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிகிறது. அவர் அருமையான ட்ரம்பெட் கலைஞர், மேடைகளில் எத்தனையோ பேருக்குப் பின்னால் வாசித்தவர், ஆனால் அவர் பெயரில் ஒரு ரெக்கார்டும் கிடையாது. இந்த டேப்புகளில்தான் இருக்கிறார். தடுமாறும் ஒரு பையனின் பக்கத்தில் நின்று அவன் வரியையே மெதுவாகத் தானும் வாசிக்கிறார், பையன் பிடித்துக்கொண்டதும் சத்தமில்லாமல் விலகிக்கொள்கிறார், அந்த இடம் அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது.

சரி, பிளேயருக்கு வருவோம். பேச்சுக்கு இது போதும். மாஸ்டர் குரல், நாற்காலி இழுபடும் சத்தம், 'இன்னொரு தடவை, முதலில் பாடிக் காட்டுங்கள்' என்று அவர் சொல்வது எல்லாம் நன்றாகவே வந்தன.

ஆனால் கூடவே தரும் மென்பொருளைத் தொடவே தொடாதீர்கள். அமைதி வந்தால் பாட்டு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அங்கே வெட்டிவிடுகிறது. மாஸ்டரின் ஒத்திகையில் பாதி அமைதிதான்: கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்துவார், எது தப்பு என்று நாங்களே யோசிக்கும்வரை காத்திருப்பார், அப்புறம்தான் பேசுவார். ஒரு மணி நேர ஒத்திகை துண்டு துண்டாகிவிட்டது. ஆடாசிட்டி என்று இலவசமாகக் கிடைக்கும் ஒலிப்பதிவு மென்பொருளில் கேசட்டின் ஒரு பக்கத்தை முழுசாகப் பதிந்து, முதலில் சுருக்கப்படாத வேவ் ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள், எம்.பி.3 எல்லாம் பிறகு.

இசை என்று வந்தால் குறை நிறைய. கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓட வேண்டும், இது ஓட்டியது அதைவிட வேகமாக. அதைக் கண்டுபிடிக்க வழிகாட்டியதும் மாஸ்டரின் பழக்கம்தான். எந்த ஒத்திகைக்கும் முன்னால் எல்லாரையும் பி ஃபிளாட்டில் சுருதி சேர்க்க வைப்பார், அது 466 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்க வேண்டும், இதில் 480-ஐத் தொட்டது, அதாவது சுமார் 3 சதவீதம், அரைக் கட்டையில் பாதி. ஆடாசிட்டியில் வேகத்தைக் குறைத்துச் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது நடுக்கம், அதாவது டேப் ஒரே சீராக ஓடாமல் வேகம் கூடிக் குறைவது. பேச்சில் அது தெரியாது, ஆனால் முழு பேண்டும் ஒரு சுரத்தை நீளமாகப் பிடிக்கும்போது தண்ணீரில் ஆடுவது போல ஆடுகிறது. நீள சுரம் ஆடாமல் நிற்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் பாடுபட்ட மனிதரின் பேண்டை இப்படிக் கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை. டேப்பின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதியும் கிடையாது. பெரிய டிரம் அடித்ததும் மற்ற எல்லா வாத்தியமும் அமுங்குகிறதே, அதற்கு மட்டும் இதைக் குறை சொல்ல முடியாது, அந்தக் கால ரெக்கார்டரே சத்தத்தைத் தானாகக் குறைத்துப் பதிந்தது அது.

கடைசியில் இசை உள்ள கேசட்டுகளை ஒரு பழைய டெக்குக்கு, அதாவது ஸ்டீரியோவோடு இணைக்கும் பெரிய கேசட் பிளேயருக்கு, மாற்றினோம். டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஆல்கஹாலில் துடைத்து, அதன் சாய்வை மாற்றும் பக்கத்துச் சின்ன திருகை மயிரிழை அளவு திருப்பியதும் பிக்கோலோவும் சிம்பலும் திரை விலகியது போல வந்தன. ஒவ்வொரு டேப்புக்கும் இந்தத் திருகலைத் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது, அலுப்பான வேலைதான், ஆனால் தவிர்க்கக் கூடாது.

பேச்சு, வீட்டுப் பதிவு, யாருடைய குரலையாவது காப்பாற்ற வேண்டும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம், ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். இசைக்காக என்றால் வேண்டாம், நல்ல டெக் வைத்திருப்பவரைத் தேடுங்கள். எதில் போட்டாலும் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை முதலில் உடைத்துவிடுங்கள், தப்பித்தவறிக்கூட மேலே வேறெதுவும் பதிவாகாது. தொண்ணூறு நிமிடம் ஓடும் சி-90 டேப் மெல்லியது, சிக்கிக்கொள்ளும், பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். ஃபைலாக்கியாயிற்று என்று கேசட்டைத் தூக்கியும் போட்டுவிடாதீர்கள். மாஸ்டரின் ட்ரம்பெட் தனியாக வரும் பக்கங்களை நாங்கள் இப்போது டெக்கில் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறோம்.